டவர் இல்லாத ஊரின் ஆய்வாளர்

நோலீன் பிராடி பதினோரு வருடமாக ஒரே வேலையில் இருக்கிறாள். ஆனால் அந்த வேலை ஒரு தடவைகூட ஒரு வருடத்தைத் தாண்டியதில்லை. ஜூனில் ஒப்பந்தம் முடியும். அரசாங்கம் மனது வைத்து ஆராய்ச்சிப் பணம் ஒதுக்கினால் ஜூலையில் மறுபடி தொடங்கும். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் ஒரு பல்கலைக்கழகத்தில் தொலைத்தொடர்புக் கொள்கை ஆய்வாளர். ஐம்பத்தாறு வயதில் வேறு யார் வேலை தருவார்கள்?

செல்போன் டவர் உள்ள ஓர் ஊர், இல்லாத ஓர் ஊர், இரண்டையும் ஒப்பிடுவதுதான் ஆய்வு. இல்லாத ஊர் யாராபின். இல்லாததை அளப்பதற்குத்தான் அவளுக்குச் சம்பளம். அங்கே மாட்டுப்பண்ணை நடத்தும் ஹெதரின் கணவன் கிளைவைப் போன வருடம் காளை முட்டிவிட்டது. கையில் செல்போனோடு நான்கு மணி நேரம் வேலியோரம் கிடந்தான். அதையும் நோலீன் படிவத்தில் குறித்துக்கொண்டாள். மனசு கூசியது.

"எத்தனை படிவந்தான் எழுதுவே? ஒனக்குக் குடுக்கிற காசுல ரெண்டு டவர் நட்டிருக்கலாம்," என்றாள் ஹெதர், டீயை ஊற்றிக்கொண்டே.

"ரெண்டெல்லாம் வராது. அரை டவர் வேணா வரும்."

"அரையவே நடு. மிச்சத்துக்கு கிளைவ் மேல ஏறி நின்னுக்குவான்."

பிப்ரவரியில், டவர் அமைக்கும் இலாகா நோலீனிடம் கருத்துக் கேட்டது: யாராபினுக்கு டவர் அவசியமா? ஆமாம் என்றால் ஒப்பீடு கெட்டுவிடும், ஜூனோடு அவளும் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். மூன்று நாள் அந்தக் கடிதத்தைத் தொடவில்லை. நான்காம் நாள் 'மிக அவசரம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். போட்ட பிறகு அழுதாள்.

மே மாதம் பதில் வந்தது. பரிந்துரையை ஏற்கிறார்களாம். ஆனால் அரசுப் பணத்தில் நடக்கும் ஆய்வைக் குலைக்க முடியாதாம். அது முடிந்த பிறகே டவர்.

அன்று மதியமே துறைத்தலைவர் டெஸ்மண்ட் கேக்கோடு வந்தார். "நோலீன், ஆய்வை மூணு வருஷம் நீட்டிச்சுட்டாங்க. இனி வருஷா வருஷம் நீ பயப்பட வேணாம்."

"நீட்டிப்பு வேணாம்னு நான் சொல்லலாமா?"

"நீ போனா வேற ஆளப் போடுவோம். ஆய்வு நிக்காது."

நோலீன் ஹெதரின் வீட்டுத் தொலைபேசிக்குக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னாள். ஹெதர் கோபப்படவில்லை.

"அப்ப நீ இந்தப் பக்கமே வராம இருந்திருந்தா, எங்களுக்கு டவர் வந்திருக்கும்."

ஜூலை முதல் தேதி நோலீன் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டாள். அந்த வாரமே புதுப் படிவங்களோடு யாராபினுக்குப் போக வேண்டியிருந்தது.