வெறும் வண்டி

என் வேன் வெறுமையாகப் போனால் உதைக்கும். பதினாலு பிள்ளைகள் ஏறி உட்கார்ந்தால் அப்படியே படிந்து, தொட்டில் மாதிரிப் போகும். பின்னால் இருப்பது பட்டை ஸ்பிரிங். பாரம் ஏறினால்தான் அது வளைந்து கொடுக்கும். இத்தனை வருஷம் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவனுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. காலையில் ஏற்றின பிள்ளைகள் பள்ளி கேட் வருவதற்குள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து தூங்கிவிடும். இறக்கிவிட்டுத் திரும்பும்போதோ, சீட்டில் மறந்துபோன தண்ணீர் பாட்டில் கூரை வரை குதிக்கும். எல்லாம் தெரிந்த மடையன் நான்.

என் மனைவிக்குப் புற்றுநோய் முதுகெலும்பிலும் பரவிவிட்டது என்று டாக்டர் சொன்னது பெரிய லீவு ஆரம்பித்த வாரம். ஞாயிறு தவிர தினமும் கதிர்வீச்சுக்குப் போக வேண்டும். முதல் நாள் ஆட்டோவில் போனோம். எங்கள் ஜோகுபாளையத்திலிருந்து ஆஸ்பத்திரி வரை ரோட்டின் குறுக்கே இத்தனை ஹம்ப் மேடு இருக்கிறது என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது. இறங்கும்போது பார்த்தால் அவள் கீழுதட்டில் ரத்தம். கத்தக்கூடாது என்று கடித்திருக்கிறாள்.

லீவில் வேன் சும்மாதான் நின்றது. சீட்டையெல்லாம் கழற்றி மெத்தை போட்டுவிட்டால் படுத்துக்கொண்டே வரலாம். ஆனால் பின்பக்கத்து ஷாக் அப்சார்பர் இரண்டும் போய் வெகுநாளாகிவிட்டது. அந்த ஞாயிறு பூசை முடிந்த கையோடு, வீட்டு வாசலிலேயே வேலையை ஆரம்பித்தேன். அவளுடைய தம்பி, என் மச்சான், ஒத்தாசைக்கு வந்தான்.

"எல்லா சீட்டையுமா கழட்டறீங்க மாமா? நாலு பேரு குந்தறதுக்காவது வுடுங்களேன்."

"உங்கக்கா கால நீட்டிப் படுக்கணுமா வேணாமா? வந்துட்டான் பெருசா சொல்றதுக்கு."

முன் சக்கரத்துக்குக் கல் கொடுத்து, பின்பக்கத்து அச்சுக்கு ஜாக்கி வைத்துத் தூக்கினோம். நட்டெல்லாம் துருவேறிக் கல்லாய்க் கிடந்தது. டீசலை ஊற்றி ஊறவிட்டு, ஸ்பானர் முனையில் இரும்புப் பைப்பைச் சொருகித் தொங்கினேன். வாசற்படியில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தவள், "என்னைப் பொண்ணு பாக்க வந்தப்போகூட இவ்ளோ மெனக்கெடல நீங்க" என்றாள். மச்சான் வண்டிக்கடியில் படுத்துக்கொண்டே சிரித்தான். எனக்குக் கோபம் வருவதுபோல் நடித்தேன்.

கழற்றின பழைய ஷாக்கைக் கையால் அழுத்தினேன். உள்ளே போனது போனதுதான், திரும்பி வரவில்லை. எண்ணெயெல்லாம் எப்போதோ கசிந்துபோயிருந்தது. புதியதை நிமிர்த்தி வைத்து அழுத்தினால் திமிறிக்கொண்டு கையைத் தள்ளியது. மாட்டி முடித்ததும் நட்டை இறுக்கப் போனேன். மச்சான் தடுத்தான்.

"ஸ்வல்ப நில்லுங்க மாமா. வண்டிய எறக்குங்க மொதல்ல. வெயிட்டு உக்காந்தப்புறம்தான் கடைசி டைட்டு. இல்லாட்டி ரப்பர் புஷ்ஷு கிழிஞ்சிடும்."

"எனக்கே கிளாஸ் எடுக்கறியா?" என்றேன். ஆனாலும் அவன் சொன்னபடியே செய்தேன்.

திங்கட்கிழமை அவளைப் படுக்கவைத்துக் கிளம்பும்போது எங்கள் தெரு அன்பியத்துப் பெண்கள், வாரம் ஒரு வீட்டில் கூடி ஜெபிக்கிறவர்கள், வந்து நின்றார்கள்.

"நாங்க நாலஞ்சு பேரு கூட வர்றோம்ணா. ஜெபமாலை சொல்லிக்கினே போலாம். அவங்களுக்கும் தெம்பா இருக்கும்."

"வரட்டுமேங்க. எடந்தான் இருக்குதே" என்றாள் உள்ளிருந்து.

"இது என்ன வேளாங்கண்ணி டூரா? அவளுக்குக் காத்து வேணும், கூட்டம் வேணாம். வீட்டப் பாத்துப் போங்கம்மா எல்லாரும்."

கதவை இழுத்து அறைந்தேன். வழியில் ஹம்ப் வரும்போதெல்லாம், "ஹம்ப் வருது, புடிச்சுக்கோ" என்று கத்துவேன். மெதுவாகத்தான் ஏற்றினேன். அப்படியும் பின்பக்கம் தட்டென்று தூக்கிப் போட்டது.

"எப்படி இருக்குது புது ஷாக்கு?"

"பூ மாதிரி போவுதுங்க."

நம்பினேன். மச்சானுக்குப் போன் போட்டுப் பீற்றிக்கொள்ளவும் செய்தேன். இறக்கும்போது அவள் உள்ளங்கையில் சிவப்பாகப் புள்ளி புள்ளியாய்த் தடம். கேட்டதற்கு, ஜெபமாலையை இறுக்கிப் பிடித்திருந்தேன் என்றாள். அந்தத் தடம் தினமும் இருந்தது. அந்தப் பெண்களும் தினமும் தெருமுனையில் நின்றார்கள். நான் ஒருநாளும் வண்டியை நிறுத்தவில்லை.

பள்ளிக்கூடம் திறப்பதற்கு முன்பே அவள் போய்விட்டாள், ஆஸ்பத்திரியிலேயே. ஆம்புலன்ஸ் வேண்டாம், நம் வண்டியில்தான் வருவாள் என்றேன். சாவியை மச்சானிடம் கொடுத்தேன், அவன் ஓட்டினான். அன்பியத்துப் பெண்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். யாரையும் போகச் சொல்ல எனக்குத் தெம்பில்லை. பத்துப் பதினோரு பேர் மெத்தையைச் சுற்றித் தரையிலேயே நெருக்கி உட்கார்ந்து ஜெபமாலை சொன்னார்கள். நான் அவள் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தேன். சொந்த வண்டியின் பின்னால் உட்கார்ந்து போனது அன்றைக்குத்தான்.

ஓல்டு மெட்ராஸ் ரோட்டிலிருந்து எங்கள் பக்கம் திரும்பியதும் ஒரு பெரிய ஹம்ப். என் வாய் தானாக, "ஹம்ப் வருது, புடிச்சுக்கோ" என்றது. அவள் கையை நானே பிடித்துக்கொண்டேன். வண்டி படிந்து ஏறியது, படிந்து இறங்கியது. அவள் தலை அசையவில்லை. ஜெபம் சொல்கிறவர்களின் குரல்கூட ஆடவில்லை.

நாலு பேர் கூட வருகிறோம் என்றுதானே கேட்டார்கள். வரட்டுமே என்றுதானே அவளும் சொன்னாள். சீட்டையெல்லாம் கழற்றி, வந்தவர்களையெல்லாம் விரட்டி, இருக்கிற பாரத்தையும் எடுத்துவிட்டு, அந்த முதுகை அத்தனை நாளும் வெறும் வண்டியில் போட்டு உதைத்துக்கொண்டு போயிருக்கிறேன். பாவி, பாவி நான்.

"மச்சான், திருப்புடா வண்டிய!" என்று கத்தினேன்.

ஜெபம் நின்றது. அவன் பிரேக்கை மிதித்துத் திரும்பிப் பார்த்தான்.

"எங்க மாமா போவணும்?"