தண்ணீர்க்காரருக்கு ஒரு ஜாடி

என் வீட்டு கேஸ் அடுப்பின் ரப்பர் குழாய் வெடித்திருந்ததை முதலில் கண்டுபிடித்தவர் தோன் ஒனோஃப்ரேதான். தைக்கக் கொடுத்த செருப்பைத் திருப்பித் தர வந்தவர் வாசலில் நின்றபடியே மூக்கைச் சுருக்கினார். மறுநாள் புதுக் குழாயோடு வந்து தானே மாட்டினார். "இது எங்க தீயணைப்புப் படைக்குப் புதுசா வந்திருக்கு தோன்யா எத்தெல்வினா. ஒரு வீட்ல மாட்டிப் பாத்து எப்படி இருக்குன்னு எழுதணுமாம். நீங்கதான் சொல்லணும்" என்றார். நானும் நம்பி, மூன்று மாதம் ஞாயிறுதோறும் பூசை முடிந்ததும், "குழாய் நல்லாயிருக்கு" என்று ஒப்பித்தேன். அவரும் முகம் மாறாமல் ஒரு சீட்டில் குறித்துக்கொள்வார். அப்படி ஒரு சோதனையே கிடையாது, குழாய் அவர் கைக்காசில் வாங்கியது என்று பிற்பாடுதான் தெரிந்தது.

வால்பரைசோவில் எங்கள் மலைப் படிக்கட்டின் நடுவில் அவருடைய செருப்புக் கடை. பெரியவர்களை மரியாதையாகத் தோன், தோன்யா என்று அழைப்பது எங்கள் வழக்கம். எங்கள் நாட்டில் தீயணைக்கிறவர்களுக்குச் சம்பளம் இல்லை. சங்கு ஊதினால் கொத்தனார், வாத்தியார், கசாப்புக்காரர் எல்லோரும் வேலையைப் போட்டுவிட்டு ஓடுவார்கள். தோன் ஒனோஃப்ரே முப்பது வருஷம் ஓடினார். பிறகு வயிறு முன்னே போக முழங்கால் பின்னே தங்க ஆரம்பித்ததால், படைத் தலைவர் அவரை ஏணியிலிருந்து இறக்கி, தீ வராமல் இருக்கச் சனங்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் வேலையைத் தந்தார்.

முதல் வகுப்பு கோயில் கூடத்தில் நடந்தது. வந்தது எட்டுப் பேர். எண்ணெய்ச் சட்டி தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றக் கூடாது, மூடியால் மூட வேண்டும் என்று காட்ட, நிஜமாகவே ஒரு சட்டியைப் பற்றவைத்தார். மூடியும் விட்டார். ஆனால் மூடுவதற்குமுன் குனிந்து விளக்கம் சொன்னதில் மீசையின் இடது பாதி பொசுங்கிவிட்டது. மனுஷன் நிறுத்தவில்லை. "பாத்துக்கிட்டீங்களா, குனியவும் கூடாது" என்று அதையும் பாடத்தில் சேர்த்துக்கொண்டார். அடுத்த வகுப்புக்கு அறுபது பேர். வலது பாதி போவதைப் பார்க்க வந்தவர்கள்தான் அதிகம். ஆனாலும் இன்றுவரை எங்கள் மலையில் எரிகிற எண்ணெயில் யாரும் தண்ணீர் ஊற்றுவதில்லை.

எனக்கு அவர் செய்த பெரிய உபகாரம் வேறு.

எங்கள் பக்கத்தில் ஒருவர் அகால மரணம் அடைந்தால், செத்த இடத்திலேயே நாய்க்கூண்டு அளவில் ஒரு குட்டி வீடு கட்டி வைப்போம். ஆத்துமா அங்கே தங்கி, கேட்டவர்களுக்கு ஆண்டவரிடம் பரிந்து பேசும். எங்கள் மலையின் ஆத்துமா தோன் சிரிலோ. குழாய் வராத காலத்தில் கழுதையில் தண்ணீர் கொண்டுவந்து விற்றவர், கழுதையோடு பள்ளத்தில் விழுந்து அங்கேயே செத்துப்போனார். அவருடைய குட்டி வீட்டைப் பெருக்கித் துடைப்பது என் வேலை. என் மகன் காய்ச்சலில் கிடந்தபோது நான் நேர்ந்துகொண்ட வேலை அது. மகன் பிழைத்தான்.

சுற்றிலும் தைல மரமும் காய்ந்த புல்லும். சனங்கள் மெழுகுவத்தி ஏற்றிவிட்டுப் போவார்கள், தெற்குக் காற்று வந்து தட்டிவிடும். இரண்டு கோடையில் இரண்டு முறை புல் பற்றியது. இன்னொரு முறை பற்றினால் குட்டி வீட்டை இடித்துவிடுவோம் என்று நகராட்சியிலிருந்து கடிதம் வந்தது. அதை எடுத்துக்கொண்டு அழுதபடி செருப்புக் கடைக்குப் போனேன்.

அடுத்த ஞாயிறு பூசை முடிந்ததும் தோன் ஒனோஃப்ரே பேச எழுந்தார்.

"இனிமே அங்க மெழுகுவத்தி வேண்டாம்."

சுனில்தாவுக்கு வந்ததே கோபம். மலையில் மெழுகுவத்தி விற்கிறவள் அவள்தான். "அரை மீசை! ஆத்துமாவுக்கு வெளிச்சம் வேண்டாமா? இருட்டுல உக்காந்துதான் எங்களுக்காகப் பேசுமா?"

"நான் ஒண்ணு கேக்குறேன் சுனில்தா. தோன் சிரிலோ என்ன வித்தாரு?"

"தண்ணி."

"ஆயுசு பூரா ஊருக்குத் தண்ணி சொமந்தாரு. அவருக்கு யாராவது ஒரு வாய் குடுத்தோமா? வெயில்ல நடந்தே செத்த மனுஷன் முன்னால போய் நெருப்பை நீட்டுறோம். அவரு என்ன நினைப்பாரு?"

சாமியார் தாடையைத் தடவினார். அதில் தப்பு எதுவும் அவருக்கும் தெரியவில்லை.

சாயங்காலமே தோன் ஒனோஃப்ரே ஒரு பெரிய உருண்டைக் கண்ணாடி ஜாடி நிறையத் தண்ணீர் கொண்டுவந்து குட்டி வீட்டின் முன் வைத்தார். மறுநாள் சுனில்தா தன் வீட்டுக் குழாயில் பாட்டில் பிடித்து, சிவப்பு நாடா கட்டி விற்க ஆரம்பித்தாள். "மெழுகுவத்தின்னா வெளிய போய் வாங்கணும், இது வீட்டுக் குழாய்லயே வருது" என்று அவளுக்கு ஒரே சந்தோஷம். மாதக் கடைசியில் நானூறு பாட்டிலுக்கு மேல் சேர்ந்துவிட்டன.

எங்கள் பக்கம் நடுக்கோடையான ஜனவரி மாதம், ஞாயிறு மத்தியானம், எல்லோரும் சாப்பாட்டில் இருக்கும் நேரம். பள்ளத்திலிருந்து புகை எழுந்தது.

நான் கரண்டியோடு ஓடினேன். ஒரு கட்டில் அகலத்துக்குப் புல் எரிந்துகொண்டிருந்தது. தீயணைப்பு வண்டி படிக்கட்டில் ஏறாது. தோன் ஒனோஃப்ரே தோல் ஏப்ரனோடு மூச்சிரைக்க வந்து சேர்ந்தார். நெருப்பைப் பார்த்தார், நானூறு பாட்டிலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"தோன்யா எத்தெல்வினா, நீங்கதான் உத்தரவு குடுக்கணும்."

காணிக்கையாச்சே என்று நான் பாட்டிலைத் தொடாமல் நின்றேன். அவர் தொப்பியைக் கழற்றிக் குட்டி வீட்டைப் பார்த்துச் சொன்னார். "ஐயா தோன் சிரிலோ, ஒரே ஒரு தடவை திரும்பவும் தொழிலுக்கு வாங்க."

"தொறங்கடி!" என்று நான் கத்தினேன்.

அதற்குள் கூடிவிட்ட மலையே மூடி திருகியது. சுனில்தா சிவப்பு நாடாவைப் பல்லால் கடித்துப் பிய்த்து, "இது என்னோடது, இதுவும் என்னோடது" என்று எண்ணி எண்ணி ஊற்றினாள். கால் மணியில் நெருப்பு அணைந்தது.

"மெழுகுவத்தி வெச்ச புண்ணியவதி யாரு?" என்று எல்லோரும் ஒருவரையொருவர் முறைத்தோம். மெழுகுவத்தி எங்கும் இல்லை. தோன் ஒனோஃப்ரே மட்டும் தரையோடு தரையாகக் குனிந்து, கரியின் தடம் பிடித்துக்கொண்டே போனார். தடம் அவருடைய உருண்டை ஜாடியில் போய் நின்றது. மற்ற பாட்டில்கள் கீறலும் அழுக்குமாக இருந்தன. இதை மட்டும் அவர் லேபிளைச் சுரண்டி எடுத்து, பூட்ஸுக்குப் போடுகிற மாதிரி பளபளவென்று துடைத்து வைத்திருந்தார். வெயில் அதன் வழியாகப் போய் ஒரு புள்ளியில் நின்று புல்லைப் பற்றவைத்துவிட்டது.

அவர் முகம் அப்படியே தொங்கிப்போயிற்று. இது மூன்றாவது முறை. குட்டி வீடு போயிற்று என்றே நினைத்தேன்.

திங்கட்கிழமை நகராட்சிக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போனார். அதிகாரி அம்மா பேனாவைத் திறந்தார்.

"தீக்குக் காரணம்?"

"ஒனோஃப்ரே கத்தலான்னு எழுதுங்கம்மா."

"அது ஆள் பேரு. நான் காரணம் கேக்குறேன்."

"ரெண்டும் ஒண்ணுதாம்மா." ஜாடியை மேசைமேல் வைத்தார். "ஆத்துமா பேர்லயும் தப்பில்ல, இந்த அம்மா பேர்லயும் தப்பில்ல. தீயணைப்புப் படையில, தீயைத் தடுக்கச் சொல்லிக் குடுக்குற ஆளு வெச்ச தீ. இடிக்கணும்னா என் கடையை இடிங்க."

அந்த அம்மா சிரிப்பை அடக்க ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். குட்டி வீட்டைப் பற்றி ஒரு வரியும் எழுதவில்லை.

படைத் தலைவர் சிரிக்கவில்லை. ஆறு மாதம் வகுப்பு எடுக்கக் கூடாது என்றார். "பளபளன்னு தொடைக்கத் தெரியுதுல்ல? வண்டியைத் தொடை."

வண்டியைத் துடைத்துவிட்டு வந்து, மிச்ச நேரத்தில் இன்னொரு வேலை செய்தார். தைக்கக் கொடுத்துவிட்டு யாரும் திரும்ப வாங்காத பூட்ஸுகள் அவர் கடையில் மூட்டை மூட்டையாகக் கிடந்தன. சனங்கள் மறுபடி நிரப்பி வைத்த ஒவ்வொரு பாட்டிலையும் ஒரு பூட்ஸுக்குள் இறக்கி, கழுத்துக்கு மேல் தோல் குல்லாவும் தைத்துப் போட்டு, வெயில் படாமல் வரிசையாக நிறுத்தினார். சுனில்தாவின் புருஷன் வேண்டுதலுக்கு வந்தவர் ஜெபத்தின் நடுவிலேயே எழுந்துவிட்டார்.

"அடேய், இது என் பூட்ஸுடா!"

"ஒம்போது வருஷமாச்சு. இப்ப அது சாமி காரியத்துல இருக்கு."

அதன் பிறகு பதினோரு கோடை போயிற்று. பள்ளத்தில் ஒரு புல்லும் பற்றவில்லை.

போன மார்ச் மாதம் அவருடைய முழங்கால் அடியோடு மறுத்துவிட்டது. தெற்குக் கோடியில் புன்தா அரேனாஸில் இருக்கும் மகள், வந்து இருந்துகொள்ளச் சொன்னாள். பஸ் நிலையத்துக்குப் பாதி மலை வந்திருந்தது. சுனில்தா வழிக்கு என்று ஒரு பாட்டில் தண்ணீர் கொடுத்தாள், காசு வாங்காமல்.

நான் அன்று காலையில் ஒரு தப்பு செய்திருந்தேன். நல்லபடியாகப் போய்ச் சேர வேண்டுமே என்று, பதினோரு வருஷத்துக்குப் பிறகு குட்டி வீட்டுக்குள் ஒரே ஒரு மெழுகுவத்தி ஏற்றியிருந்தேன். யாரிடமும் சொல்லவில்லை. மெழுகு வாசம் மட்டும் விரலில் ஒட்டியிருந்தது.

அவர் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். ஏதோ பேச வாயெடுத்தவர், என் வீட்டு வாசலில் அன்று செய்தது போலவே மூக்கைச் சுருக்கினார். பிறகு மற்றவர்கள் காதில் விழாமல் குனிந்து சொன்னார்:

"எனக்காக ஏத்தினீங்களா தோன்யா எத்தெல்வினா? ரொம்ப சந்தோஷம். பஸ்ஸு கெளம்புறதைப் பாக்க நிக்காதீங்க. ஓடுங்க."