எனக்கும்தான் அவர் இறந்தார்

எழுபதுகளின் கடைசி அது. கும்மிடிப்பூண்டியில் ஒன்றன்பின் ஒன்றாகக் கம்பெனிகள் வந்துகொண்டிருந்த நேரம். சுவிட்ச் தயாரிக்கும் கம்பெனி ஒன்றில், பேக்கிங் பிரிவில் எனக்கு வேலை. அங்கே ஃபிட்டராக இருந்தவரை நான் நேசித்தேன். அவருக்கும் என்மேல் பிரியம். பொன்னேரியில் மனைவி, பிள்ளைகள் இருப்பதை ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டார். என்னை யாரும் ஏமாற்றவில்லை.

தீபாவளி, பொங்கல் வந்தாலே எனக்குப் பிடிக்காது. அவர் குடும்பத்தோடு இருப்பார். நான் வந்த வரனையெல்லாம் வேண்டாமென்று சொன்னதற்காக அம்மாவிடம் திட்டு வாங்கிக்கொண்டிருப்பேன்.

அதெல்லாம்கூடப் பரவாயில்லை. மஞ்சள் காமாலை வந்து அவரை ஆஸ்பத்திரியில் சேர்த்தபோதுதான் தனிமை என்றால் என்னவென்று தெரிந்தது. போய்ப் பார்க்க முடியாது. எப்படி இருக்கிறார் என்று கேட்கவும் முடியாது. கேன்டீனில் யாராவது பேச்சுவாக்கில் சொன்னால் உண்டு. முகத்தில் எதையும் காட்டாமல், சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டுக்கொள்வேன். அவர் இறந்த செய்தியையும் அப்படித்தான் கேட்டேன்.

எல்லோரும் கம்பெனி வேனில் கிளம்பினார்கள். கூட வேலை செய்த அக்கா ஒருத்தி என் கையைப் பிடித்து, "நீ வராதடி. அசிங்கமாப் பூடும்" என்றாள்.

"அழுவுறதுக்குக் கூட பர்மிஷன் வாங்கணுமாக்கா?" என்று கேட்டுவிட்டு, தனியாகப் பொன்னேரிக்கு ரயிலேறிப் போனேன்.

எங்கள் விஷயம் அரசல்புரசலாக அவர் வீட்டுக்கும் எட்டியிருந்தது. பந்தலுக்குள் நுழைந்ததும் பேச்சு நின்றது. அவருடைய தமக்கை எழுந்து வந்து, "இவ இன்னாத்துக்கு இங்க வந்தா? வெளிய போடி!" என்று கத்தினார்.

நான் நகரவில்லை. "பாத்துட்டுப் போறேன்" என்றேன்.

தலைமாட்டில் இருந்த அவர் மனைவி என்னை நிமிர்ந்து பார்த்தார். போ என்றும் சொல்லவில்லை, இரு என்றும் சொல்லவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டார். அதுவே எனக்குப் போதும். நின்று, ஆசைதீரப் பார்த்தேன். அங்கே அழவில்லை.

திரும்பும்போது ரயிலில்தான் உடைந்துபோனேன். எதிரே கூடையோடு இருந்த மீன்காரம்மா, "யாரும்மா பூட்டாங்க?" என்று கேட்டார். என்ன முறை சொல்வது? "என் ஊட்டுக்காரரு" என்றேன். வாழ்க்கையில் முதல் தடவையாக.

அவர் என் வெறுங்கழுத்தைப் பார்த்தார். என்ன புரிந்துகொண்டாரோ, மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. கூடையைத் தள்ளி வைத்துவிட்டுப் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, என் தலையைத் தோளில் சாய்த்துக்கொண்டார். "அழுவும்மா, நல்லா அழுவு. எவன் இன்னா கேக்குறான்னு பாப்போம்." கும்மிடிப்பூண்டி வரும்வரை அழுதேன். இறங்கும்போது என் புடவையெல்லாம் மீன் வாசனை.

மறுநாள் வழக்கம்போல வேலைக்குப் போனேன். கிசுகிசுத்தவர்களை நேராகப் பார்த்தேன், அவர்கள்தான் குனிந்துகொண்டார்கள். அதற்கப்புறமும் நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தியாகமெல்லாம் இல்லை, தோன்றவில்லை, அவ்வளவுதான். தப்பென்று சொல்கிறவர்கள் சொல்லட்டும், அவரை நேசித்ததற்காக நான் ஒரு நாளும் வெட்கப்பட்டதில்லை. இன்றைக்கும் எங்காவது ஒருத்தி தனியாக அழுவதைப் பார்த்தால், இறந்தவர் உனக்கு என்ன முறை என்று நான் கேட்பதில்லை. பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்கிறேன்.