புதன்கிழமை ஊசி

அக்காவின் ஸ்டெம் செல்லை எனக்கு ஏற்றி ஒரு வருடம் ஆகியிருந்தது. ரத்தப் புற்றுநோய் போய்விட்டது. கூடவே சின்ன வயதில் போட்ட தடுப்பூசிகளின் பலனும் போய்விட்டது. முதலிலிருந்து எல்லாவற்றையும் போட வேண்டும் என்று டாக்டர் கடிதம் கொடுத்து, எங்கள் ஊர் சுகாதார நிலையத்துக்கு அனுப்பினார்.

அங்கே புதன்கிழமைதான் ஊசி நாள். பெஞ்சு முழுக்கக் கைக்குழந்தைகளோடு தாய்மார்கள். நடுவில் நாற்பத்திரண்டு வயதில், மாஸ்க்கும் தொப்பியுமாக நான். குழந்தை எங்கே என்று கேட்டார் நர்ஸ். எனக்குத்தான் என்றேன். நாலைந்து பேர் சிரித்தார்கள். சுள்ளென்று கோபம் வந்தது. ஒரகடம் தொழிற்சாலையில் ஒரு அசெம்பிளி லைனையே அதட்டி ஓட்டிய சூப்பர்வைசர் நான். என் முகத்துக்கு நேரே யாரும் சிரித்ததில்லை.

சிரிக்காத ஒருத்தி பெஞ்சின் கோடியில் இருந்தாள். பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டேன். என் லைனில் வேலை செய்த கான்ட்ராக்ட் பெண். நான் படுக்கையில் விழுவதற்குச் சில மாதம் முன்பு, பிறந்த குழந்தைக்கு ஊசி போட வேண்டும், புதன்கிழமை காலையில் மட்டும் பர்மிஷன் வேண்டும் என்று வந்து நின்றாள். மூன்று வாரம் கேட்டாள். நீ போனால் லைன் நின்றுவிடும், ஊசி எங்கேயும் ஓடிவிடாது என்று மூன்று முறையும் எல்லோர் எதிரிலும் விரட்டினேன். நாலாவது வாரம் அவள் கேட்கவில்லை. அதை என் கெட்டிக்காரத்தனம் என்று நினைத்தேன்.

மாஸ்க் போட்டிருக்கிறேனே, தெரியாது என்று நம்பினேன். ஆனால் அவள் எழுந்து நர்ஸிடம் போனாள். சாருக்கு உடம்பு சரியில்லை, கூட்டத்தில் உட்கார வைக்காதீர்கள், என் முறைக்கு அவரை அனுப்புங்கள் என்றாள். வேண்டாம் என்றிருக்கலாம். வெட்கமில்லாமல் அவளை முந்திக்கொண்டு உள்ளே போய்ச் சட்டைக் கையை மடித்தேன்.

ஊசிக்குப் பிறகு அரைமணி நேரம் உட்கார வேண்டும். இப்போது இரண்டு வயதை நெருங்கிவிட்ட அவள் குழந்தையும் ஊசிக்கு அழுது ஓய்ந்து தோளில் கிடந்தது. மன்னித்துவிடு என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். வேறு வந்தது.

"இன்னிக்கு பர்மிஷன் குடுத்தாங்களா?"

"புதுசா வந்தவரு கேட்டதுமே அனுப்பிச்சிட்டாரு சார்."

"லைன் நிக்கலியா?"

"அது இன்னாத்துக்கு நிக்கும் சார்? பக்கத்துல இருக்கறவ பாத்துக்கறா. ஓடிக்கினுதான் கீது."

குத்திக் காட்டவில்லை. கேட்டதற்குப் பதில் சொன்னாள், அவ்வளவுதான். குழந்தையை மறுதோளுக்கு மாற்றிக்கொண்டு, உங்களுக்கு அடுத்த ஊசி என்றைக்கு சார் என்று கேட்டாள்.

புதன்கிழமை என்று என் வாயால் சொல்லாமல், நர்ஸ் தேதி எழுதிக் கொடுத்த அட்டையை அவளிடம் நீட்டினேன்.