டிரெண்டன் போரில் நாங்கள் தூங்கவில்லை

நியூ ஜெர்ஸியில் ஐந்தாம் வகுப்பு படித்த எவருக்கும் டெலவேர் ஆற்றைப் பற்றிய அந்தக் கதை தெரிந்திருக்கும். தெரியாமல் தப்பிக்க விடமாட்டார்கள். சுதந்திரப் போரில் அடிமேல் அடி வாங்கிக்கொண்டிருந்த அமெரிக்கப் படை, ஒரு கிறிஸ்துமஸ் இரவில், பனிக்கட்டி மிதக்கும் அந்த ஆற்றைப் படகுகளில் கடந்துபோய், விடிந்ததும் டிரெண்டன் ஊரில் தங்கியிருந்த எதிரிகள் மேல் பாய்ந்தது. எதிரிகள் ஹெஸ்ஸியர்கள், ஆங்கிலேய அரசு கூலிக்கு வரவழைத்த ஜெர்மானியச் சிப்பாய்கள். பண்டிகைச் சாப்பாடும் குடியுமாக இருந்துவிட்டு அடித்துப்போட்டாற்போல் தூங்கிக்கொண்டிருந்தார்களாம். போர்வையை விலக்குவதற்குள் போர் முடிந்துவிட்டதாம். இதைக் கேட்டு நமக்கு நெஞ்சு விம்ம வேண்டும்.

எனக்கு விம்மவில்லை. பற்றிக்கொண்டு வந்தது. இத்தனை வருடம் கழித்தும் நெடுஞ்சாலையில் டிரெண்டன் என்ற பலகையைப் பார்த்தால் கொஞ்சம் பற்றத்தான் செய்கிறது.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. ஈஸ்ட் பிரன்ஸ்விக்கில் ஒரு அபார்ட்மெண்டில் இருந்தோம். அப்பா ஈரோட்டுக்காரர்; ஒரு டெலிபோன் கம்பெனியில் கம்ப்யூட்டர் வேலை. அம்மாவுக்கு டிரைவிங் தெரியாது. நான் மூன்று வயதில் வந்தவள். தமிழ் எல்லாம் புரியும், வாயைத் திறந்தால் இங்கிலீஷ்தான் வரும். யாராவது பொய் சொன்னால் மட்டும் எந்த மொழியிலும் எனக்குத் தாங்காது.

ஆசிரியை இந்தக் கதையைச் சொன்ன அன்றே கையைத் தூக்கினேன். இது நடந்திருக்கவே முடியாது என்றேன். ஏன் என்று சிரித்துக்கொண்டே கேட்டார். பண்டிகை நேரத்தில் விடிந்த பிறகும் யாராவது தூங்குவார்களா என்று கேட்டேன்.

நான் கண்ட பண்டிகை தீபாவளி. எங்கள் வீட்டில் தீபாவளி என்றால் நடுச்சாமம் தாண்டியதுமே அம்மா விளக்கைப் போட்டுப் போர்வையை உருவிவிடுவாள். நவம்பர் குளிரில், ஹீட்டர் இன்னும் சூடேறாத ஹாலில், பலகையில் உட்கார வைத்துத் தலையில் நல்லெண்ணெயைக் கவிழ்ப்பாள். பட்டாசு வெடிக்க அந்த மாநிலத்தில் சட்டம் விடாது. அம்மா அதிரசம் சுடும் புகையில் ஸ்மோக் அலாரம் அலறும், அதுதான் எங்கள் பட்டாசு. வெளியே வெளுக்கும்போது நாங்கள் குளித்து, புதுத்துணி உடுத்தி, இரண்டாவது ரவுண்டு பலகாரத்தில் இருப்போம். அந்த நேரத்தில் எங்களை யாராவது தாக்க வந்திருந்தால், தலையில் எண்ணெய் வழிய, அப்பா கதவைத் திறந்து உள்ளே வாங்க என்றிருப்பார்.

அவர்கள் பிடிபட்டது பண்டிகைக்கு மறுநாள் காலையில்தானே என்றார் ஆசிரியை. மறுநாள் என்றால் இன்னும் மோசம். வந்து தங்கியிருக்கும் விருந்தாளிகளுக்குக் காபி போட அம்மா அன்றைக்கும் இருட்டிலேயே எழுந்துவிடுவாள். இதையும் சொன்னேன். வகுப்பே சிரித்தது. ஆசிரியை என் தோளைத் தட்டி, உன் கற்பனை அழகாக இருக்கிறது என்றார். உண்மையைச் சொன்னவளுக்கு இந்தப் பட்டம்.

டிசம்பர் முதல் வாரத்தில், அமெரிக்கக் கடற்படை தங்கியிருந்த பியர்ல் துறைமுகம் பாடத்தில் வந்தது. ஜப்பான் விமானங்கள் அங்கே குண்டு போட்டு அந்த வருடம் ஐம்பது ஆண்டு நிறைவு. ஆசிரியை குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்: ஞாயிற்றுக்கிழமைக் காலை, சர்ச்சுக்குப் போகிற நாள், பாதிப்பேர் தூங்கிக்கொண்டிருந்தார்கள், சொல்லாமல் கொள்ளாமல் வந்து அடித்தார்கள், இதைவிடக் கோழைத்தனம் உண்டா? எல்லாத் தலைகளும் என் பக்கத்து இருக்கையைப் பார்த்துத் திரும்பின. அங்கே தாரோ உட்கார்ந்திருந்தான். அவன் அப்பாவுக்கு ஜப்பான் கம்பெனி ஒன்றில் வேலை, வந்து ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. பென்சில் சீவும் டப்பாவுக்குள் பார்வையை விட்டுக்கொண்டு அவன் அசையாமல் இருந்தான். ஆசிரியை மிகவும் அன்பாக, வேண்டுமானால் நீ லைப்ரரியில் போய் உட்கார்ந்துகொள்கிறாயா என்று கேட்டார். அந்த அன்பை இன்று நினைத்தாலும் எனக்குப் பல்லைக் கடிக்கத் தோன்றுகிறது.

மறுபடி கையைத் தூக்கினேன். பண்டிகையில் தூங்குகிறவனை நாம் அடித்தால் வீரம், ஞாயிற்றுக்கிழமையில் தூங்குகிற நம்மை அவர்கள் அடித்தால் கோழைத்தனமா? அது வேறு, இது வேறு என்றார் ஆசிரியை. எப்படி வேறு என்றேன். வீட்டில் பெற்றோரிடம் கேட்டுக்கொள் என்றார்.

வீட்டில் கேட்டேன். அப்பா டையைத் தளர்த்திக்கொண்டே, “டீச்சர்கிட்ட எல்லாம் எதுக்குக் கண்ணு ஆர்க்யூ பண்ற? நாளைக்கு மொதல்ல போய் சாரி சொல்லிடு” என்றார். அப்பா யாருக்கும் சாரி சொல்வார். கடையில் அவர் காலை மிதித்தவருக்குச் சொல்வார். ராங் நம்பரில் கூப்பிட்டவருக்கும் சொல்வார். நான் சொல்லவில்லை.

விடுமுறைக்கு முந்தைய வாரத்து வெள்ளிக்கிழமை, காலையில், பெற்றோர் முன்னால் எங்கள் வகுப்பு டிரெண்டன் போரை நடித்துக்காட்ட வேண்டும். ஜெனரல் வேடம், பெற்றோர் சங்கத் தலைவியின் மகனுக்கு. படகில் ஏற, கொடி பிடிக்க, துடுப்புப் போட வகுப்பில் முக்கால்வாசிப் பேர். ஹெஸ்ஸியர்கள் நாங்கள் மூவர்: தாரோ, நான், கொரியாவிலிருந்து வந்து இங்கிலீஷ் இன்னும் சரியாகப் பழகாத ஒரு பெண். எங்களுக்கு வசனம் வேறு இல்லை, பாய் விரித்துப் படுத்துத் தூங்குவதுதான் வேலை. தற்செயலாக அமைந்தது என்று சொல்லிக்கொண்டார்கள். என்ன தற்செயலோ!

“நான் தூங்க மாட்டேன்” என்று தாரோவிடம் சொன்னேன்.

“முழிச்சிட்டு இருந்தா, நாம ஏமாத்திட்டோம்னு சொல்வாங்க” என்றான், இங்கிலீஷில், ஒவ்வொரு சொல்லாக. என் வயதுதான் அவனுக்கும். எப்படி அவ்வளவு தெரிந்துவைத்திருந்தான் என்று தெரியவில்லை.

இரவு உடையில் வர வேண்டும் என்று உத்தரவு. அம்மா நம்பவே இல்லை. “ஏனுங்க, ஸ்டேஜ் ஏறப் போற புள்ளைய எந்த ஊர்லயாவது நைட் டிரெஸ்ல அனுப்புவாங்களா? டீச்சர் என்னமோ சொல்லியிருக்காங்க, இவளுக்குப் புரியல” என்றாள். அப்பா நிமிரவில்லை. அன்றைக்கு அவர் ஆபீசில் கிறிஸ்துமஸ் விருந்து, ஆளுக்கு ஒரு பதார்த்தம் கொண்டுபோக வேண்டும். அந்த இண்டியன் டோனட் கொண்டுவா என்று அவருடைய மேனேஜரே வாய்விட்டுக் கேட்டிருந்தார். விருந்துக்கு முன்னால் காலையில் ஏதோ மீட்டிங். “என்னால வர முடியாது கண்ணு, ஃபோட்டோ எடுக்கச் சொல்லு” என்றார். அம்மா விடியுமுன்பே எழுந்து பெரிய அலுமினியத் தட்டு நிறைய உளுந்துவடை சுட்டு, மேலே ஃபாயில் சுற்றி அனுப்பினாள். என்னை அரக்குப் பட்டுப்பாவாடையும் ஜிமிக்கியுமாக அனுப்பினாள். உலக வரலாற்றில் ஜரிகை வைத்த ஹெஸ்ஸியர் நான் ஒருத்திதான்.

கஃபிடீரியாவில் நாற்காலி போட்டிருந்தார்கள். நாங்கள் மூவரும் உடற்பயிற்சிப் பாயில் படுத்தோம். அட்டைப் படகு வந்தது. இரண்டு பேர் காகிதப் பனியைத் தூவினார்கள். ஆசிரியை பியானோவில் ஏதோ வாசித்தார். ஜெனரல் மரக்கத்தியை உருவிக்கொண்டு பாயருகே வந்து, சரணடையுங்கள் என்று கத்துவதற்கு மூச்சை இழுத்தான்.

நான் எழுந்து உட்கார்ந்து, “குட் மார்னிங்” என்றேன்.

ஜெனரலுக்கு இதற்கு வசனம் எழுதித் தரப்படவில்லை. ஆசிரியையைப் பார்த்தான். அதற்குள் தாரோ எழுந்தான். அவன் எழுந்ததைப் பார்த்துக் கொரியப் பெண்ணும் எழுந்தாள். “நாங்க அப்பவே எழுந்து குளிச்சாச்சு” என்று எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னேன். கீழே படு என்று ஜெனரல் என்னைத் தள்ளினான். நானும் தள்ளினேன். அவன் மல்லாக்கப் போய்ப் படகில் விழ, படகு இரண்டாகக் கிழிந்தது. துடுப்புக்காரர்கள் அழ ஆரம்பித்தார்கள். அமெரிக்கச் சுதந்திரம் கொஞ்ச நேரம் தள்ளாடித்தான் போயிற்று.

அப்போது பின்னாலிருந்து கைதட்டல் கேட்டது. ஒரே ஒருவர் தட்டினார். பார்த்தால், அப்பா. ஓவர்கோட்டோடு நின்றுகொண்டிருந்தார், காலடியில் ஃபாயில் பிரிக்காத வடைத்தட்டும் ஒரு அட்டைப்பெட்டியும். வர முடியாது என்றவர் எனக்காக வந்துவிட்டார், வகுப்புக்கெல்லாம் வடையும் கொண்டுவந்துவிட்டார் என்று எனக்கு ஏற்பட்ட பெருமையைச் சொல்லி முடியாது.

ஆசிரியை என்னையும் அப்பாவையும் வராந்தாவுக்கு அழைத்துப்போனார். முகம் சிவந்திருந்தது. பிள்ளைகளின் இரண்டு வார உழைப்பைப் பாழாக்கிவிட்டாள், இது இந்த நாட்டின் வரலாறு, இதற்கு மரியாதை தரக் கற்றுக்கொடுங்கள் என்றார். நான் அப்பாவின் சாரிக்குக் காத்திருந்தேன். அது வரவில்லை. “மேடம், பண்டிகை நாளாப் பார்த்து வந்து அடிக்கறீங்க. அதுக்குக் கைதட்ட வேற சொல்லிக்குடுக்கறீங்க” என்று தன் இங்கிலீஷில் சொன்னார். ஆசிரியை ஓரடி பின்னால் போனார். எனக்காக அப்பா இவ்வளவு கோபப்பட்டாரே என்று காரில் வரும் வழியெல்லாம் பூரித்துக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் அப்பாவும் அம்மாவும் பெட்ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள். அம்மா அழும் சத்தம் கேட்டது. சாயங்காலமும் அழுதாள். சனி, ஞாயிறும் கண் வீங்கியிருந்தது. பூரிப்பெல்லாம் போயிற்று. ஒரு நாடகத்தைக் கெடுத்தது இவ்வளவு பெரிய குற்றமா என்று நடுங்கிப்போனேன்.

நடந்தது என்ன என்று நான் காலேஜ் போன பிறகுதான் அப்பா சொன்னார். அன்று காலை மீட்டிங் என்று அவரையும் இன்னும் பலரையும் கூப்பிட்டு, ஜோடித்து வைத்த கிறிஸ்துமஸ் மரத்தருகே நிறுத்தி, இன்றே உங்களுக்குக் கடைசி நாள் என்று சொல்லியிருக்கிறார்கள். காவலாளி ஒருவர் கூடவே வந்து, அப்பா மேஜையைக் காலி செய்து அட்டைப்பெட்டியில் போட்டுக் கோட்டை மாட்டும்வரை பார்த்துக்கொண்டிருந்து, வாசலுக்கு வெளியே விட்டுப் போயிருக்கிறார். விருந்து மேஜையில் வைத்த வடைத்தட்டை மறக்காமல் எடுத்துக் கையில் கொடுத்தார்களாம், எத்தனை மரியாதை! டோனட் கேட்ட மேனேஜருக்கு அது பல வாரம் முன்பே தெரியும். பண்டிகை கழியட்டும் என்று ஒரு மனிதருக்கும் தோன்றவில்லை, வருடக் கணக்கை முடிப்பதற்குள் ஆளைக் குறைத்தாக வேண்டும். எங்கள் விசா அந்த வேலையோடு கட்டப்பட்டது. வேலை போனால் வீடும் போயிற்று, பள்ளிக்கூடமும் போயிற்று, நாடும் போயிற்று. பேருக்கு ஒரு முன்னறிவிப்பாவது கொடுத்தால் குடி முழுகிப்போயிருக்குமா? இதற்கும் அந்தக் கம்பெனியில் யாரோ யாருக்கோ கைகொடுத்துப் பாராட்டியிருப்பார்கள்.

ஹெஸ்ஸியர்கள் குடித்துவிட்டுத் தூங்கவில்லை என்பதையும் பிற்பாடுதான் படித்தேன். பல நாளாகக் காவல் காத்துக் களைத்துப்போன ஆட்களாம். அதைப் பாடத்தில் யாரும் சொல்லவில்லை.

இவை எதுவும் தெரியாத பத்து வயசுக்காரிக்கு அம்மாவின் அழுகையை நிறுத்த ஒரே வழிதான் தெரிந்தது. திங்கட்கிழமை, விடுமுறைக்கு முன் கடைசி நாள், பள்ளிக்கு நேரத்தோடு போனேன். ஆசிரியையிடம் சாரி சொன்னேன். ஜெனரலிடம் சொன்னேன். படகு செய்தவர்களிடம் ஒவ்வொருவராகப் போய்ச் சொன்னேன். ஒரு சொல்கூட மனசிலிருந்து வரவில்லை. தாரோ என்னைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான். ஆசிரியை என்னைக் கட்டிக்கொண்டு, நல்ல பெண் என்றார். அந்த வாரம் நடந்த அத்தனைக்கும் மன்னிப்புக் கேட்ட ஒரே ஆள் நான்தான்.

பஸ்ஸிலிருந்து இறங்கி ஒரே ஓட்டமாக ஓடினேன். அம்மா அலமாரிப் பாத்திரங்களைத் தரையில் பரப்பி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அப்பா, ஆபீஸ் நேரத்தில், லுங்கியோடு ஃபோன் பக்கத்தில் இருந்தார்.

“அம்மா, எல்லார்கிட்டயும் சாரி சொல்லிட்டேன். டீச்சர் ஓகே சொல்லிட்டாங்க. இனிமே அழாத” என்றேன், தமிழிலேயே.

அம்மா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள். அப்பா ஃபோனைக் கீழே வைத்தார்.

“எதுக்குச் சொன்ன?” என்று கத்தினார். “நீ எதுக்கு அவங்களுக்கு சாரி சொன்ன?”

அவர் கத்தி நான் அதுவரை கேட்டதில்லை. பையைக்கூடக் கழற்றாமல் அப்படியே நின்றேன். எனக்கு ஒன்றும் புரியவில்லை. சொல்லு சொல்லு என்று சொன்னதே அவர்தானே.