பிலிம் போடாத கேமரா

எனக்கு எதையும் தேதியோடு சொல்லித்தான் பழக்கம். ஆனால் முத்தையாபுரம் முக்கில் கேமராவோடு நிற்கத் தொடங்கிய நாள் மட்டும் என் டைரியில் இல்லை. குறித்து வைக்க வேண்டிய காரியமாக அது அன்றைக்குத் தோன்றவில்லை. புதுத் துறைமுகத்துக்குக் கப்பல்கள் வரத் தொடங்கியதற்கு அடுத்த வருடம் என்பது வரை நிச்சயம்.

அப்போது நான் ஒரு கப்பல் ஏஜென்ட் ஆபீசில் குமாஸ்தா. தாமிரபரணிக் கரை ஊரை விட்டு வந்து, முக்குக்கு எதிரே ஓர் அறையில் தனியாக இருந்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் கடையில் ஒரு டீ கேட்பதோடு என் பேச்சு முடிந்துவிடும். மற்ற நாட்களில் பஸ் வரும்வரை ஜன்னலோரம் உட்கார்ந்து உப்பு லாரிகளை டைரியில் குறித்துக்கொண்டிருப்பேன். வண்டி எண், மணி, எந்த வண்டிக்கு முன்னால் எந்த வண்டி. டிரைவர்களுக்கு நடைக்கு இவ்வளவு என்று கூலி, அதனால் துறைமுகத்துக்குப் பறப்பார்கள். முக்கில் நிற்கும் போலீஸ்காரர் கையை நீட்டினாலும், அவர் முகம் அந்தப் பக்கம் இருந்தால் நிற்கமாட்டார்கள். உப்பளத்துக்கு சைக்கிளில் போகிறவர்கள்தான் மணலில் இறங்கி ஒதுங்க வேண்டும். என் குறிப்புகளை ஒருமுறை ஸ்டேஷனில் கொடுத்தேன். வாங்கி வைத்துக்கொண்டார்கள்.

கப்பலில் வேலை பார்த்த ஒருவரிடம் பழைய பாக்ஸ் கேமரா வாங்கியிருந்தேன். ஒருநாள் காலையில் அதைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்து, சும்மா சாலைப் பக்கம் திருப்பினேன். பறந்து வந்த லாரி பிரேக் போட்டு, மாப்பிள்ளை ஊர்வலம் மாதிரி நகர்ந்து போனது. உள்ளே பிலிம் இல்லை.

மறுநாளிலிருந்து தினமும் ஏழே முக்காலுக்கு முக்கில் நின்றேன். வண்டிகளைக் குறிப்பதையும் விடவில்லை. ஒரு வாரத்தில் ‘போட்டா அண்ணாச்சி’ ஆகிவிட்டேன். கலெக்டர் அனுப்பிய ஆள் என்றார்கள் சிலர், சி.ஐ.டி. என்றார்கள் சிலர். நான் எதையும் மறுக்கவில்லை.

“அண்ணாச்சி, இருங்க, தல சீவிக்கிடுதேன்” என்பார் பச்சை லாரிக்காரர் ஒருவர்.

“நீங்க மூஞ்சியக் காட்டாதிய, கேமரா வெடிச்சிரும்” என்பான் அவருடைய கிளீனர்.

அந்த அரைமணி நேரம் யாராவது என்னைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள். பிலிம் வாங்க முடியாமல் இல்லை. வாங்கினால் எட்டுப் படத்தில் தீர்ந்துவிடும். வெறும் கேமராவுக்குத் தீர்வது என்பதே கிடையாது.

ஐப்பசியில் ஒரு செவ்வாய்க்கிழமை, எட்டு பத்து. போலீஸ்காரர் கையை நீட்டினார். அந்தப் பச்சை லாரி நின்றது. டிரைவர் என்னைப் பார்த்துப் பல்லைக் காட்டினார். நானும் பொத்தானைத் தட்டினேன். அதற்குள் பின்னால் வந்த இன்னொரு பச்சை லாரி அவரை ஒதுங்கித் தாண்டி, ஒரு சைக்கிள்காரரை இடித்துவிட்டு நிற்காமல் போனது. கால் முறிந்தது. போலீஸ்காரர் அப்போது எதிர்ப்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். விழுந்தவர் கண்டது பச்சை நிறத்தை மட்டும். இரண்டும் ஒரே முதலாளியின் வண்டிகள், இடித்ததை ஓட்டியவர் முதலாளியின் மச்சான். பழி நின்ற வண்டிக்காரர் மேல் விழுந்தது.

சாயங்காலம் அவர் என் அறைக்கு வந்தார். அந்த அறைக்கு முதன்முதலாக வந்த விருந்தாளி.

“வேலயும் போச்சு அண்ணாச்சி. நாளைக்கு லைசென்ஸயும் புடுங்கிருவாவளாம். நான் நின்னத நீங்க எடுத்தியள்லா? அந்த ஒரு போட்டாவக் குடுங்க, போதும்.”

பிலிமில் வெளிச்சம் பட்டுப் படம் கெட்டுவிட்டது என்று சொல்லியிருக்கலாம். அந்தப் பொய் வாய்வரை வந்தது. சொல்லியிருந்தால் லாரிகள் தொடர்ந்து மெதுவாகவே போயிருக்கும்.

“அதுல பிலிம் கெடையாதுப்பா.”

“வெளையாடாதிய.”

கேமராவின் பின்பக்கத்தைத் திறந்து காட்டினேன். பானைக்குள் அரிசி இருக்கிறதா என்று பார்ப்பதுபோல் குனிந்து பார்த்தார்.

“என்னைக்குமே இல்லையா?”

“இல்ல.”

“அப்ப இம்புட்டு நாளும் நான் எதப் பாத்து இளிச்சேன்?”

கேமராவை மூடினேன். நாளைக்கு நானும் ஸ்டேஷனுக்கு வருகிறேன் என்று மட்டும் சொன்னேன்.

ஸ்டேஷனில் முதலாளி உட்கார்ந்திருந்தார், டிரைவர் நின்றார். வெளியே லாரிக்காரர்கள் கூட்டம். இன்ஸ்பெக்டர் முதலில் கேட்டதே படத்தைத்தான். பிலிம் இல்லை என்று எல்லோர் முன்னாலும் சொன்னேன்.

“பிலிமே இல்லாம படம் புடிக்கிறவரு சாட்சியாக்கும்!” என்று முதலாளி சிரித்தார். வெளியேயும் சிரித்தார்கள்.

டைரியை நீட்டினேன். எட்டு பத்துக்கு இரண்டு எண்கள் இருந்தன. முன் வண்டி நின்றது, பின் வண்டி தாண்டிப் போனது.

“இத நீரு நேத்து ராத்திரி ஒக்காந்து எழுதலைன்னு என்ன நிச்சயம்வே?” என்றார் இன்ஸ்பெக்டர்.

அவர் கேட்டது நியாயம்தான். “துறைமுக கேட்டுல வண்டி நுழையுறத வரிசையா எழுதுவாங்க. பின்னால வந்த வண்டி முன்னால நுழைஞ்சிருக்கான்னு பாருங்க” என்றேன்.

ஆள் அனுப்பினார்கள். மதியத்துக்குள் தகவல் வந்தது. மச்சானின் வண்டி முதலில் நுழைந்திருந்தது. முதலாளி எழுந்து வெளியே போனார். டிரைவர் என் கையைப் பிடித்தார். உடனே விட்டும்விட்டார்.

நான் பஸ் ஏறி வீடு வருவதற்குள் கேமராவில் பிலிம் இல்லை என்ற செய்தி டீக்கடைக்கு வந்துவிட்டது. மறுநாள் முக்கில் நின்றபோது ஒருவரும் வேகத்தைக் குறைக்கவில்லை. அந்தச் சனிக்கிழமை நிஜமாகவே பிலிம் வாங்கிப் போட்டு நின்றேன். ஒருவரும் நம்பவில்லை. எட்டுப் படங்களிலும் லாரிகள் போன வேகத்தில் புகைபோல இழுபட்டுக் கிடந்தன. முக்கில் நிற்பதை அதோடு விட்டேன்.

அடுத்த வாரம் அந்த டிரைவர் மறுபடி வேலைக்கு வந்தார். நான் பஸ்சுக்குக் காத்திருந்தேன். விட்டுப்போன நடைகளை ஈடுகட்ட வேண்டும் அல்லவா, எல்லோரையும் போலப் பறந்துதான் வந்தார். முக்கில் ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி அசைத்தார். சாலையோரம் நானும் நின்றேன், இரண்டு சைக்கிள்காரர்களும் போய்க்கொண்டிருந்தார்கள். எனக்கு அசைத்தாரா, அவர்களை ஒதுங்கச் சொன்னாரா என்று தெரியவில்லை. அவர்கள் ஒதுங்கினார்கள். நானும் கையைத் தூக்கினேன். அதற்குள் லாரி போய்விட்டது.