எங்கள் அரிசி எங்களுக்கே

பெல்மதுளைச் சந்தியில் பஸ் நின்றபோது என் மகளைப் பார்த்தேன். அந்த நேரத்தில் அவள் பள்ளிக்கூடத்தில் இருக்க வேண்டியவள். ஆனால் போன் கடைக்கு மேலே, சுவர் முழுக்க விரித்துக் கட்டிய பேனரில் நின்றுகொண்டிருந்தாள். வெள்ளைச் சீருடை, எண்ணெய் வைத்து நான் இழுத்துப் பின்னிவிட்ட சடை, முன்னால் நீட்டிய இரண்டு கைகள். அந்தக் கைகளில் கோட்டுப் போட்ட ஒருவர் அரிசிப் பையொன்றை வைத்துக்கொண்டிருந்தார். மேலே சிங்களத்திலும் கீழே தமிழிலும் எழுதியிருந்தார்கள்: பசித்த தோட்டத்துப் பிள்ளைகளுக்கு எங்கள் அன்பளிப்பு.

பக்கத்து சீட்டிலிருந்த சிங்கள அம்மாவும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். "பவ் நே" என்று என்னிடம் திரும்பிப் பரிதாபப்பட்டார். அது என் பிள்ளை என்று காட்டிக்கொள்ளாமல் நானும் தலையை ஆட்டினேன். படத்திலிருந்த பை கண்ணாடிபோல உள்ளே இருப்பதைக் காட்டியது. சம்பாவும் நாட்டரிசியும் சிவப்பரிசியும் ஒன்றாகக் கலந்த அரிசி. அப்படியொரு அரிசியை இலங்கையில் எந்தக் கடையிலும் விற்பதில்லை. அது எங்கள் லயத்து வரிசை வீடுகளின் அரிசி. என் மகள் வீடு வீடாகப் போய்ச் சேர்த்த அரிசியை, அவள் கையிலேயே தானமாக வைத்துப் படம் பிடித்திருந்தார்கள்.

எங்கள் தேயிலைத் தோட்டம் றக்வானையிலிருந்து மேலே ஏறும் பாதையில் இருக்கிறது. முன்பு கொழுந்து நிறுத்த மடுவம் என்ற கொட்டகைக்குச் சுவர் எழுப்பி, வர்ணம் பூசி, சமூக நிலையமாக்கினார்கள். அந்தப் பெயரை யாரும் சொல்வதில்லை. எல்லோருக்கும் அது 'சென்டர்'தான். காலையில் அங்கே நான் முன்பள்ளி நடத்துகிறேன். மற்ற எல்லாவற்றையும் இணைப்பாளர் பார்த்துக்கொள்வார். அந்த இணைப்பாளர் வேறு யாருமில்லை, என் கூடப்பிறந்த தம்பி. அம்மா போனபிறகு அவனை வளர்த்தவள் நான். நான் சாதாரண தரத்தோடு நின்றுகொண்டு அவனை உயர்தரம் வரை படிக்கவைத்தேன். அவன் பேச ஆரம்பித்தால் கொழுந்துக்கு அவசரமாகப் போகிறவர்கள்கூடக் கூடையை இறக்கிவைத்துவிட்டுக் கேட்பார்கள். அதில் எனக்கு இருந்த பெருமையைச் சொல்லி முடியாது.

விலைவாசி கழுத்தை நெரித்த காலத்துக்குப் பிறகு சென்டருக்கு யார் யாரோ வந்தார்கள். பழைய சட்டை, பென்சில், பால்மா என்று எதையாவது கொடுத்துவிட்டுப் போனார்கள். பிள்ளைகளுக்கும் அது பழகிவிட்டது. வேன் சத்தம் கேட்டால் போதும், நான் சொல்லாமலே வரிசையில் நிற்பார்கள். என் தம்பிக்கு அது பிடிக்கவில்லை.

"நம்ம புள்ளைங்களுக்கு வாங்க மட்டுந்தான் தெரியும்னு நெனைக்கிறாங்க அக்கா. நமக்குக் குடுக்கவும் தெரியும்னு காட்டணும்" என்றான்.

அப்படித்தான் பிடி அரிசி ஆரம்பமானது. உலை வைக்கும்போது வீட்டுக்கு ஒரு பிடி அரிசியை எடுத்து வேறு டின்னில் போடவேண்டும். ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகள் வாளியோடு வருவார்கள். சேர்ந்ததைப் பைகளில் கட்டி, தோட்டத்தில் தனியாகக் கிடக்கும் வயசாளிகளுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பார்கள். யோசனை அவனுடையது. லயம் லயமாக ஏறி இறங்கிக் கெஞ்சியவள் நான். டீச்சர் சொன்னால் கேட்பார்கள் என்று என்னைத்தான் அனுப்பினான்.

"எங்களுக்கே யாராச்சும் குடுத்தா தேவலன்னு இருக்கோம், டீச்சர் அரிசி கேட்டு வந்துட்டீங்க" என்று மேல் லயத்து அக்கா ஒருவர் என்னை வாசலிலேயே பிடித்து ஏசினார். ஏசிக்கொண்டே உள்ளே போய் இரண்டு பிடி அள்ளிப் போட்டார். அவர் அப்படித்தான், வாய் ஒரு பக்கம் போகும், கை ஒரு பக்கம் போகும். கோயிலுக்குப் போகிற வீடுகளும் சேர்ச்சுக்குப் போகிற வீடுகளும் ஒரே வாளியில்தான் கொட்டின. ரோட்டோரக் கடை முதலாளி, கிராமத்துச் சிங்களவர், பைகளைச் சும்மா கொடுத்தார். வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடும்போது பிள்ளைகளுக்கு வந்த மிடுக்கைப் பார்க்க வேண்டுமே! என் மகள் அந்த வாளியை வேறு யார் கையிலும் கொடுக்கமாட்டாள்.

அவள் கொண்டுபோகும் பைகளில் ஒன்று கீழ் லயத்துக் கடைசிக் காம்பராவில், அந்த ஒற்றை அறையில், இருந்த தாத்தாவுக்கு. ஃபெக்டரியில் வேலை செய்து ஓய்வுபெற்றவர். மனைவி இல்லை, கொழும்புக்குப் போன மகனிடமிருந்து ஒரு தகவலும் இல்லை. பக்கத்து வீட்டில் ஒரு கரண்டி கறி கொடுத்தால்கூட வாங்கமாட்டார். அவ்வளவு ரோஷம். முழங்கால் வீங்கி நடக்கமுடியாத நாட்களில் பாலில்லாத வெறும் சாயத்தண்ணியைக் குடித்துவிட்டுப் படுத்துக்கொள்வார் என்று பக்கத்தில் சொல்வார்கள். ஆனால் பிடி அரிசியை மட்டும் வாங்கிக்கொண்டார். ஏன் என்று அவரே ஒருநாள் என்னிடம் சொன்னார்.

"இது எல்லார் வீட்டு அரிசியும் சேர்ந்து வருதும்மா. எவன் வீட்டுல கை நீட்டுனேன்னு ஒருத்தன் சொல்லமுடியாதுல்ல. ஆனா ஒண்ணு, சம்பா கொழையுற நேரத்துல செவப்பரிசி இன்னும் முழிச்சுக்கிட்டு நிக்குது" என்று சிரித்தார்.

அவர் சாப்பிடுகிறார் என்பதே எனக்குப் பெரிய நிம்மதியாக இருந்தது. அவர் வீட்டு அடுப்பு எரிவதற்குத் தானும் ஒரு காரணம் என்று என் மகளுக்கும் தெரியும்.

பிறகுதான் கொழும்புக் கம்பெனி ஒன்றிலிருந்து ஆட்கள் வந்தார்கள். பிள்ளைகளைப் பாராட்டப் போகிறார்கள் என்றான் தம்பி. நானும் நம்பினேன். எல்லோரையும் சீருடை போட்டு வரச் சொன்னேன். கூட்டம் தொடங்கும் நேரத்தில், "அக்கா, நீங்க பின்னால போய் டீயப் பாருங்க, ரோல்ஸ் பத்தாமப் போயிடும்" என்று என்னை அனுப்பிவிட்டான். முன்னால் கைதட்டல் கேட்கக் கேட்க, நான் பின்னால் நின்று காது குளிரக் கேட்டுக்கொண்டே தேத்தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். அன்று மாலை மகள் சரியாகப் பேசவில்லை. வெயிலில் நின்ற களைப்பு என்று நினைத்துக்கொண்டேன்.

பேனரைப் பார்த்துவிட்டு வந்த அன்று அவளை உட்காரவைத்துக் கேட்டேன்.

"நாங்க கட்டி வச்ச பையெல்லாம் மேசையில இருந்திச்சும்மா. அதுல கம்பெனி பேரை ஒட்டிட்டாங்க. மாமா எங்கள ஒவ்வொருத்தரா வந்து கைய நீட்டச் சொன்னாங்க. படம் எடுத்த பொறகு பைய திருப்பி வாங்கி வச்சிட்டாங்க."

"நீ ஒண்ணும் சொல்லலியா?"

"நான் சிரிச்சேன். மாமா சிரிக்காதன்னு சொன்னாங்க. பசிச்ச மாதிரி நில்லுன்னாங்க."

ஊரான் செய்திருந்தால் கல்லெடுத்து எறிந்திருப்பேன். இவன் நான் தூக்கி வளர்த்தவன். என் மகளின் காது குத்துக்கு மடியில் உட்காரவைத்துக்கொண்டவன். அவன் சொல்லி அவள் கையை நீட்டினாள், நான் சொல்லி ஊர் அரிசி போட்டது. எங்கள் இரண்டு பேரையும் சேர்த்து விற்றிருக்கிறான்.

சென்டருக்குப் போய்க் கேட்டேன். அவன் தடுமாறவேயில்லை. அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

"ஏழைப் புள்ளைங்க குடுக்குறாங்கன்னு காட்டினா எவனும் காசு தரமாட்டான் அக்கா. வாங்குறாங்கன்னு காட்டினாத்தான் தருவான். கூரையப் பாருங்க, மழை பேஞ்சா ஒங்க முன்பள்ளிதான் நனையுது. அந்தக் கூரைக்கு அவங்க ஒத்துக்கிட்டாங்க. ஒரு படந்தானே?"

"படந்தானா? யாரு மூஞ்சிடா அது? குடுக்கத் தெரியும்னு காட்டணும்னு சொன்ன வாய்தானே இது?"

"அப்ப சொன்னதும் நெசந்தான்" என்றான். கூரையும் பிறகு வந்தது. புதுத் தகரம், நல்ல தகரம். மழைக்கு இப்போது ஒழுகுவதில்லை. அதன் கீழே உட்கார்ந்து பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுக்கும்போதெல்லாம் என் கண் அந்தத் தகரத்துக்கே போகிறது.

படம் போன் போனாகச் சுற்றித் தோட்டத்துக்குள்ளும் வந்துவிட்டது. அடுத்த ஞாயிறு பிள்ளைகள் வாளியோடு போனார்கள், நானும் கூடப் போனேன். மேல் லயத்து அக்கா இந்தத் தடவை ஏசவில்லை. அவர் ஏசியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

"அதான் கம்பெனி குடுக்குதே டீச்சர். எங்க அரிசி எங்க போச்சுன்னு யாருக்குத் தெரியும்? எம்புள்ளையையும் பிச்சக்காரன் மாதிரி நிக்கவச்சிட்டீங்க" என்று மெதுவாகச் சொல்லிக் கதவைச் சாத்தினார். நானும் ஏமாந்தவள்தான் என்று சாத்திய கதவிடம் எப்படிச் சொல்வது? மற்ற வீடுகளிலும் அதே கதைதான். வாளியின் அடிகூட மறையவில்லை.

தாத்தாவின் பையாவது நிற்கக்கூடாது என்று என் வீட்டு அரிசியைக் கட்டிக்கொண்டு மகளோடு கீழ் லயத்துக்கு இறங்கினேன். அவர் எங்களை உட்காரவைத்தார். முகத்தில் கோபமில்லை. என் மகளின் தலையைத் தடவினார். பிறகு உள்ளே போய், போன வாரம் அவள் கொடுத்த பையை எடுத்துவந்தார். முடிச்சுக்கூட அவிழ்க்கவில்லை. அதையும் அன்றைய பையையும் சேர்த்து அவள் மடியில் வைத்தார்.

"இந்தப் பை வந்த அன்னைக்கே பக்கத்துப் பொடியன் போன்ல படத்தக் காட்டுனான்மா. ஒங்க வீட்டுலயே வாங்கித் திங்கிற நெலமைன்னு எனக்குத் தெரியாமப் போச்சு. புள்ள வாயில இருக்குறதப் புடுங்கித் தின்ன எனக்கு மனசு வராது."

"இல்ல தாத்தா, அது பொய். நாங்கதான் குடுத்தோம்" என்றாள் மகள். அழ ஆரம்பித்துவிட்டாள்.

"வெக்கப்படாத தாயி. இல்லாதது ஒரு குத்தமா?" என்றார் அவர்.

நான் எவ்வளவோ சொன்னேன். என் தம்பி செய்ததைக்கூட மானத்தை விட்டுச் சொன்னேன். அவரைச் சங்கடப்படுத்தாமல் இருக்க நான் கதை சொல்வதாகத்தான் நினைத்தார். கிராமத்துச் சிங்கள மாத்தயா ஒருவரின் தோட்டத்தில் புல் வெட்ட ஆள் கேட்கிறார்களாம், திங்கட்கிழமையிலிருந்து போகிறாராம். அந்த முழங்காலை வைத்துக்கொண்டு. சொல்லிவிட்டு எங்களுக்குச் சாயத்தண்ணி போட எழுந்தார். எழுவதற்கே சுவரைப் பிடிக்கவேண்டியிருந்தது.

வீட்டுக்கு வந்து அவர் திருப்பித் தந்த அரிசியை உலையில் போட்டேன். வேறு என்ன செய்வது? என் கணவர் கொழும்புக் கடையொன்றில் வேலை, மாதம் ஒருமுறைதான் வருவார். அதனால் ஞாயிற்றுக்கிழமை பகல் சாப்பாட்டுக்குத் தம்பி எங்கள் வீட்டுக்கு வருவது வழக்கம். அன்றும் வந்தான், ஒன்றும் நடக்காததுபோல. பாயை விரித்தேன், சோறு போட்டேன். அவன் இரண்டாவது கவளத்தை எடுக்கும்போது சொன்னேன்.

"நல்லா சாப்புடு. கீழ் லயத்துத் தாத்தா திருப்பிக் குடுத்த அரிசி. நம்ம புள்ளைங்க பட்டினி கெடக்குதுன்னு நெனச்சிக்கிட்டு அவரு பட்டினி கெடக்கப் போறாரு."

கை தட்டில் நின்றுவிட்டது. தலையைக் குனிந்துகொண்டான். நான் வளர்த்த தம்பிக்குக் கடைசியில் உறைத்துவிட்டது என்று எனக்கு ஒரு நிமிஷம் மனசு இளகியது. வளர்த்த மனசு, அதற்கு வேறெதுவும் தெரியாது. பிறகு நிமிர்ந்தான்.

"பாவம் அக்கா. அடுத்த மாசம் கம்பெனிக்காரங்க திரும்ப வாறாங்க. அவரையும் கூட்டிட்டு வாங்க, முன்வரிசையில நிக்க வச்சி ஒரு பை குடுத்துடலாம். வயசாளின்னா படமும் நல்லா வரும்."

என் மகள் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள். அவள் மாமாவோடு ஒரே பாயில் உட்கார்ந்து சாப்பிட்டது அன்றோடு சரி.